தங்கத்துக்கான இடுக்கி

ஜூன் 3

என் அன்பு அக்காவுக்கு,

போனில் பேசினால் அம்மா காதில் விழும். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கூடத்தில் அப்பா இன்னும் படுக்கவில்லை.

முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய சிலிக்கான் கம்பி வளர, நுனியில் ஒரு பொட்டு உலோகம் வேண்டுமே, அதற்கு எல்லோரும் தங்கம்தான் வைப்பார்கள். தங்கம் உள்ளே கரைந்து மின்கருவியைக் கெடுக்கிறது என்றுதான் அப்பா ஆறு வருடமாக வெள்ளீயத்தோடு மல்லுக்கட்டினார். மார்ச்சில் கம்பி புல் மாதிரி முளைத்தது என்றதும் நீகூடத் துள்ளிக்கொண்டு எழுதினாயே. இப்போது வேறு ஆய்வகங்களில் செய்து பார்த்தால் யாருக்கும் அது முளைக்கவில்லையாம். அப்பாவின் கம்பிகளில் இம்மி தங்கம் இருக்கிறதாம். திருட்டுத்தனமாக வைத்தார் என்று விசாரணை. அது எங்கிருந்தோ ஒட்டிய தூசி, வளர்த்தது வெள்ளீயம்தான் என்று அப்பா சாதிக்கிறார்.

அக்கா, அது நான். மார்ச்சில் ஒரு விடுமுறை நாள் என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், உலையில் வைக்கும் தட்டில் சிலிக்கான் சில்லுகளை அடுக்கச் சொன்னார். நீலப் பட்டை ஒட்டிய இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். சிவப்பு தங்கத்துக்கானது, அதன் நுனியில் தங்கத் துகள் ஒட்டியிருக்கும். நான் சிவப்பால் எடுத்துவிட்டேன். "நீலம்தானேம்மா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன்.

சொல்லிவிடட்டுமா?

உன் சுண்டெலி

ஜூன் 9

அன்புச் சுண்டெலிக்கு,

வாயைத் திறக்காதே. நச்சு வாயு ஓடும் அறைக்குள் பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டார் என்று இன்னொரு குற்றமும் சேரும். தூசி என்றே அவர்கள் நம்பிவிடலாம். பரீட்சை முடிந்து வருகிறேன், பேசிக்கொள்ளலாம். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

நீ சொன்னபடி மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. மறுபடி வளர்த்துக் காட்ட அப்பாவுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். பதினாலு தடவை உலையை ஏற்றினார். சூட்டைக் கூட்டினார், வாயுவைக் குறைத்தார். எல்லாம் மொட்டைச் சில்லுதான். சட்டை தோளில் தொங்குகிறது. அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "இன்னும் ஒரே ஒரு தடவை. என் கண்ணால பார்த்தேனே, முளைச்சுதே" என்று நேற்று அவளிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். திட்டுவார், ஆனால் தான் பொய்க்காரர் இல்லை என்று ஆகிவிடும், நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப வெள்ளீயத்துல எதுவுமே முளைக்கலையாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார்.

இன்று காலை அவர் ஆய்வகத்துக்குக் கிளம்பவில்லை, விழித்தபடியே படுத்திருந்தார். அலாரத்தை அம்மா நிறுத்தினாள். தவணையில் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, வீட்டில் யாரும் உலையைப் பற்றிப் பேசவில்லை.

அன்றே சொல்லியிருந்தால் அந்தப் பதினாலு தடவையும் அவர் உலையை ஏற்றியிருக்க மாட்டார். நீ இனி எனக்கு எழுதாதே.

தங்கை