தவளை மூஞ்சிக்காரி

சான் ஹோசே

அம்மாவுக்கு வணக்கம். மாதா புண்ணியத்தில் நானும் உன் பேத்தி யெசேனியாவும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் சமைக்கிற முதியோர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிப் போனேன். ஏன்தான் போனேனோ! சளி பரவுகிறதாம், யாரும் பிள்ளையைத் தொடக்கூடாது என்று மேலாளரம்மா உத்தரவு. கிழடுகள் சும்மா இருந்தால்தானே? "அடியாத்தி, என்னா கண்ணு! என்னா கன்னம்!" என்று ஆளாளுக்குத் தூரத்திலிருந்தே புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர் தொடாவிட்டால் திருஷ்டி பிள்ளை மேலேயே நின்றுவிடும் என்று அந்த மகாராணிக்கு யார் சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எவாரிஸ்தோ தாத்தா மட்டும், "சீ, தவளை மூஞ்சி!" என்றார். பிள்ளை ஓவென்று அழுதாள். "பெரிய மனுசன் பேசுற பேச்சா இது?" என்று சண்டைக்குப் போனேன்.

"கத்தாதடி. தொட விடமாட்டேங்கிறாங்க. அழகுன்னு சொல்லி நான் வேற கண்ணு வைக்கணுமா?" என்றார்.

அன்று அவர் தட்டில் மட்டும் ஒரு கரண்டி அதிகமாக வைத்தேன்.

பிள்ளைக்குத் திருஷ்டி படாமலிருக்கச் சிவப்பு மணிக் காப்பு ஒன்று, நம் ஊர் எஸ்தெலியிலிருந்து இங்கே வருகிற பஸ்காரரிடம் கொடுத்துவிடு. இங்கே கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக். முடிந்தால் எனக்கும் ஒன்று.

அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்கிறது, முடிக்கிறேன். அவள் படம் உள்ளே வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அழகு என்று எழுதிவிடாதே, அம்மா. உன் கையும் இங்கே எட்டாது. தவளை என்றே எழுது.

உன் மகள்,
சியோமாரா