சங்கவி கண்ணாடிய எடுத்துக் குடு

அம்மா,

நான் நல்லாக்கீறேன். உன் முட்டி வலி கொறஞ்சிதா? அப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? போன் எப்பவும் தங்கச்சி சங்கவி கையிலதான் கீது. இத கேட்டா அவ பயந்துடுவான்னுதான் லெட்டரு.

பெருசா ஒண்ணுமில்ல. பரோட்டா போட்டுக்கினு இருக்கும்போது கண்ணோரத்துல மின்னல் மாதிரி வெட்டிச்சு. கடை மாஸ்டர் இங்க பெங்களூருலயே கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போனாரு. சொட்டு மருந்து வுட்டு உள்ள பார்த்தாங்க. என்ன மாதிரி மைனஸ் பவர் ஜாஸ்தியா இருந்தா கண்ணு பின்பக்கமா நீண்டுடுமாம், உள்ள இருக்கிற விழித்திரை இழுபட்டு ஓரத்துல மெலிசாயிடுமாம்.

"வீச்சு பரோட்டா மாவு மாதிரியா டாக்டர்?"னு கேட்டேன்.

"ஆமாம்ப்பா, கிழியாம பார்த்துக்கோ"ன்னு சிரிச்சாரு.

இப்போதிக்கி கிழியல. வருஷா வருஷம் காட்டணும், அவ்ளோதான். ஆனா அன்னிலேர்ந்து சங்கவிய நெனச்சி மனசு ஒரு எடத்துல நிக்கல.

சங்கவிக்கு என்னவிட பவர் ஜாஸ்தி. வெள்ளிமலைலேர்ந்து பொண்ணு பார்க்க வராங்கன்னு அவ கண்ணாடிய பீரோவுல வச்சி பூட்டிட்டியாமே? போன்ல அழுவறா. இன்னா வேலைம்மா இது? கண்ணாடிய ஒளிச்சா கண்ணு சரியாயிடுமா? மொதல்ல அவள கள்ளக்குறிச்சிக்கு கூட்டிக்கினு போய் விழித்திரைய காட்டு.

மாமா லோடு ஏத்திக்கினு இந்தப் பக்கம் வந்தா சாமை அரிசி கொடுத்தனுப்பு. உன் பழைய சேலை ஒண்ணும் வையி, இங்க குளிரு.

மாஸ்டர் கத்துறாரு, போறேன். வெள்ளிமலைக்காரங்க வர்ற அன்னிக்கி அவ கண்ணாடி போட்டுக்கினே நிக்கட்டும். அவன் மட்டும் பார்த்தா போதுமா? அவளுக்கும் அவன் மூஞ்சி தெரியணும்ல.

ராஜதுரை