அம்மன் முடிச்சிலிருந்து மாற்றிய பத்து ரூபாய் நாணயம்

அனுப்புநர்
ச. அன்புமொழி,
பத்தாம் வகுப்பு,
அரசு உயர்நிலைப் பள்ளி, சிறுவாகுளம்,
குன்றாண்டார்கோவில் ஒன்றியம்,
புதுக்கோட்டை மாவட்டம்.
(பதில் அனுப்பினால் பள்ளிக்கே அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம்.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: புது வடிவ நாணயங்கள் செல்லும் என்று எங்கள் ஊரில் அறிவிக்கவும், வெள்ளிக்கிழமை என்னைச் சூடம் அணைக்க வைப்பதைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் நாணயம் சேர்ப்பவள். எட்டாம் வகுப்பில் எங்களைத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணாடிக்குள் இருந்த பழைய காசுகளை வரிசையில் நகர்ந்துகொண்டே பார்த்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. வெளியே ஐஸ் வாங்கியபோது மீதிச் சில்லறையில் ஒரு இருபது ரூபாய் நாணயம் வந்தது. வட்டமாக இல்லாமல் மூலை மூலையாக, தானியக் கதிர் போட்டு இருந்தது. அதைச் செலவழிக்க மனம் வரவில்லை. அப்படித்தான் தொடங்கியது.

2. புது நாணய வடிவங்களைப் பார்த்து மக்கள் சேகரிக்கத் தொடங்குகிறார்களா என்று ஊரில் விசாரித்து வரும்படி எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை திலகவதி அவர்கள் சொன்னார். எல்லா வீட்டிலும் புது நாணயங்கள் டப்பாவில் கிடக்கின்றன. யாரும் ஆசைப்பட்டுச் சேர்த்தவை அல்ல. பலவற்றில் சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு முத்திரை இருக்கும். "எழுபத்தஞ்சு போட்ட காசு இங்கிட்டுச் செல்லாது, வேற குடு பாப்பா" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தவை. ஆசையில் சேர்ப்பவள் நான் மட்டும்தான். அதனால் பலரும் அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பழைய வடிவத்தை வாங்கிப் போவார்கள்.

3. பக்கத்து வீட்டு முனியாயி அவர்களின் மகன் நாகராசு அண்ணன் குவைத்தில் கட்டட வேலை பார்க்கிறார். அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று முனியாயி அவர்கள் ஒரு பத்து ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தில் கட்டியிருந்தார்கள். மாசித் திருவிழாவில் அதை அம்மன் உண்டியலில் போட வேண்டும். நேர்ந்துகொள்ளும் காசு அதிகம் புழங்காததாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் தேடி எடுத்துப் புது வடிவக் காசையே முடிந்திருக்கிறார்கள்.

4. அவர்களின் மருமகள், நாகராசு அண்ணனின் மனைவி செவந்தி அக்காவுக்கு, புதுக் காசைத் தேடி முடிந்தது தெரியாது. தை மாதக் கடைசியில் முடிச்சோடு என்னிடம் வந்தார். "கடைக்காரனே வாங்க மாட்டேங்கிறான், ஆத்தா வாங்குமா? பழசு ஒண்ணு குடுடி, அத்தைக்குத் தெரியாம மாத்திருவோம்" என்றார். கொடுத்தேன். அடுத்த வாரம் நாகராசு அண்ணன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இன்னும் நினைவு திரும்பவில்லை.

5. முனியாயி அவர்கள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள். தேய்ந்த காசு இருந்தது. நான் நச்சரித்து வாங்கிப் போனதாகச் செவந்தி அக்கா சொன்னார். அவரைக் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அவர் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

6. அதே காசைக் கொண்டுவா என்று முனியாயி அவர்கள் கேட்டார்கள். என்னிடம் அந்த வடிவத்தில் மூன்று இருக்கின்றன. பளபளப்பாக இருக்கட்டும் என்று மூன்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். மஞ்சள் கறை போய்விட்டது. எது அம்மனுடையது என்று எனக்கே தெரியவில்லை. மூன்றையும் உண்டியலில் போடுகிறேன் என்றேன். "கூடக் குடுத்து மூடப் பாக்குறா" என்றார்கள்.

7. வெள்ளிக்கிழமை கோவில் முன்னால், நானாகக் கேட்கவில்லை என்று எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். செய்தால் செவந்தி அக்கா பொய் சொன்னவர் ஆவார். செய்யாவிட்டால் நான் திருடி. எப்படி ஆனாலும் சனிக்கிழமை என்னைத் திருப்பூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பி, பனியன் கம்பெனியில் சேர்க்கப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். பொதுத்தேர்வு வரையாவது விடுங்கள் என்று கேட்டேன். "காசு சேத்ததும் போதும், படிச்சதும் போதும்" என்றார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுவதால் கையெழுத்து சரியாக இல்லை. மன்னிக்கவும்.

8. எல்லா வடிவமும் ஒன்றுதான், பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாய்தான் என்று தாங்கள் அறிவித்தால் ஊரார் மனம் மாறலாம் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். இப்போது அந்த நம்பிக்கையும் இல்லை. ஒரே மதிப்புள்ள இரண்டு காசு ஒன்றல்ல என்று நினைத்துத்தான் நானும் சேர்த்தேன். முனியாயி அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

9. நாளை காலை இதைத் தபால் பெட்டியில் போடுவேன். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் கைக்கு வராது என்று தெரியும். ஒருவேளை வந்தால், யாரையாவது அனுப்பி அந்தச் சத்தியத்தை நிறுத்தவும், என்னைத் தேர்வு எழுத விடும்படி அப்பாவிடம் சொல்லவும் வேண்டுகிறேன். பிந்தி வந்தால், எல்லாக் காசும் செல்லும் என்று எங்கள் ஊர்க் கடைச் சுவரில் ஒரு தாளாவது ஒட்டச் சொல்லுங்கள். காசு செல்லாதோ என்று வேறு யாரும் பயந்துபோய் முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள்.

இடம்: சிறுவாகுளம்
நாள்: 19.02.2025, புதன்கிழமை

பயத்துடனும் பணிவுடனும்,
ச. அன்புமொழி

குறிப்பு: பதில் வரும்போது நான் பள்ளியில் இல்லாவிட்டால், திலகவதி ஆசிரியையிடம் கொடுக்கவும். ஊரில் விசாரித்து வரும்படி அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் கொடுக்கவில்லை.