நாம் மனப்பாடம் செய்த கண் அட்டை

அன்பு மச்சான் ஆரோக்கியத்துக்கு,

நீ இருக்கும் இடத்திலாவது கண் தெரிகிறதா? "செத்துப்போன அண்ணன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று உன் தங்கை லூர்து முறைக்கிறாள். முறைக்கட்டும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உனக்கும் எனக்கும்தான் எழுத்து வாசனை கிடையாதே.

எனக்கும் இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, வந்துவிட்டது. கண்ணைக் காட்டச் சொல்லி கிளினிக்கில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் காத்திருந்து, புக்கிட் பாத்தோக்கிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கண் ஆஸ்பத்திரியில் போய் நின்றால், "தனியாவா வந்தீங்க அங்கிள்? சொட்டு மருந்து ஊத்தினா கண்ணு கூசும், ஆளோட வாங்க லா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீட்டிலேயே போட்டிருக்கிறதாம். போட்டிருந்தால்? எனக்கு யார் படித்துச் சொன்னது? ஆளுக்கு எங்கே போவேன்? மகனுக்கு ஷிப்டு, மருமகளுக்குப் பேக்டரி. அடுத்த தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். அதுவரை நோய் வாசலில் காத்திருக்குமா, மச்சான்?

பஸ்ஸில் திரும்பும்போது உன் நினைப்புதான். சிராங்கூன் ரோட்டு மிளகாய் மில்லில் நாம் மூட்டை தூக்கிய காலம். உனக்கு இனிப்பு நீர் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கண் மங்குகிறது என்றால் மிளகாய்த் தூள் என்பாய். அங்கே யாருக்குத்தான் கண் சிவக்கவில்லை? நானும் நம்பினேன். பன்னீர் விட்டுக் கழுவச் சொன்னவனே நான்தான்.

ஒரு நாள் கண் சோதனைக்குப் போனாய். சுவரில் எழுத்து அட்டை. தாதி படிக்கச் சொன்னாள், நீ விழித்தாய். "ஏபிசி கூடவா தெரியாது?" என்று வரிசையில் எவனோ சிரித்தான். எழுந்து வந்துவிட்டாய். "கண்ணே போனாலும் போகட்டும்டா சவரி, அந்த இடத்துக்கு இனிமே போகமாட்டேன்."

அப்போதுதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். மில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். கண்ணாடி மாற்றி மாற்றி அந்த அட்டை அவருக்கு அத்துப்படி. அவரிடம் கேட்டு உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூட்டை தூக்கும்போதெல்லாம் செபமாலை மாதிரி அதையே முணுமுணுத்தாய்.

"டேய், நாலாவது வரி கேளுடா."

"சொல்லு மச்சான்."

"எல், பீ, ஈ, டீ!"

"ஆரோக்கியம், அடுத்த வாரம் நீயே டாக்டரா உக்காந்துரு" என்று கிராணி கிண்டலடித்தார்.

மறுபடி போனோம். தாதி முதல் வரியைக் காட்டியதும் நீ மடமடவென்று அடிவரை ஒப்பித்துவிட்டாய். ஒரு கண்ணை மூடச் சொன்னாள், அதற்கும் ஒப்பித்தாய். "வெரி குட் அங்கிள், கண்ணு நல்லா இருக்கு. டாக்டரைப் பாக்க வேணாம்." மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தாய். நுரை ததும்பும் தே தாரிக் டீ வாங்கினாய். கோப்பையை என்னிடம் கொடுக்கும்போது என் கைக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றில் நீட்டினாய். இருவரும் சிரித்தோம்.

அடுத்த வருஷம் கண்ணுக்குள் கருப்பு நூல் தொங்குகிறது என்றாய். அப்புறம் இருட்டு. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். வந்தோமே! வந்து பாஸும் ஆனோமே! சாகும்வரை நான்கு வருஷம், தங்கையின் முகத்தைக் கையால் தடவித்தானே பார்த்தாய்?

அந்தத் தேதி போன வாரம் வந்தது; மருமகள் லீவு போட்டு என்னை அழைத்துப் போனாள். அதே அட்டை. கீழ் வரிகள் எனக்குப் புகையாகத்தான் தெரிந்தன. ஆனால் தாதி "படிங்க" என்றதும் வாய் தானாக ஓட ஆரம்பித்தது, மச்சான். உன் குரலிலேயே ஓடியது. மூன்றாவது வரியில் இழுத்துப் பிடித்தேன்.

"இரும்மா. எனக்கு எழுத்துத் தெரியாது. இது மனப்பாடம்."

அறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் இழுப்பறையைத் திறந்து வேறொரு அட்டையை எடுத்தாள். அதில் முள்கரண்டி மாதிரி குறிகள். பல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கையால் காட்டினால் போதும். அவ்வளவுதான்! ஓர் எழுத்தும் வேண்டாம்! அன்றைக்கும் அது அங்கே ஓர் இழுப்பறையில் கிடந்ததா? அவர்கள் ஏன் எடுக்கவில்லை? நாம் ஏன் வாய் திறக்கவில்லை?

கையால் காட்டியதில் பாதி தப்பு. டாக்டர் சொட்டு மருந்து ஊற்றி, விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கிறதாம். லேசர் ஒளி பாய்ச்சி அதை நிறுத்தப் பார்க்கலாமாம். வருகிற புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

போவேன், மச்சான். திரும்பி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பேன். இனிப்பு நீர்க்காரர் ஒருவரையும் விடமாட்டேன். எழுத்துத் தெரியாதென்று உரக்கச் சொல்லுங்கள், அந்த இன்னொரு அட்டையைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். உனக்குச் சொல்லாததை ஊருக்கெல்லாம் சொல்கிறேன்; இது உன் தலைமேல் சத்தியம்.

அட்டையை மறக்கப் பார்க்கிறேன். நாலாவது வரி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

உன் தங்கையைக் கட்டியவன்,
உனக்குத் தப்புப் பாடம் சொல்லிக் கொடுத்த மச்சான்
சவரிமுத்து