தாவலுக்குப் பின் வரும் கட்டளை

மார்ச் 5, 1984, சன்னிவேல்
எங்கள் புதுச் சில்லுக் குழுவின் தலைவன் ஹாலிஸ் வெள்ளைப் பலகையில் எழுதிய விதியை யாரும் அழிக்கவில்லை. எல்லாக் கட்டளைகளும் ஒரே நீளம். சில்லின் கடிகாரத் துடிப்புக்கு ஒன்று முடிய வேண்டும். நினைவகத்தைத் தொட ‘எடு’, ‘வை’ இரண்டுக்கு மட்டுமே உரிமை.

இதில், அட்டவணையில் கேட்ட இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் என் பெரிய கட்டளைக்கு எங்கே இடம்? பழைய கம்பெனியில் அதற்கு மைக்ரோகோட் எழுதியவள் நான். பெரிய கட்டளையைச் சில்லுக்குள்ளேயே சிறு அடிகளாக நடத்தும் நிரல் அது. இங்கேயும் அதற்காகத்தான் எடுத்தார்கள். மைக்ரோகோடே வேண்டாம் என்றாகிவிட்டால் எனக்கு என்ன வேலை?

மார்ச் 7
மின்சுற்று வரையும் டாக், பரிட்டோ ரொட்டிச் சுருளை மென்றபடி: “வெர்னா, உன் கட்டளை பெரிய எடத்துப் பொண்ணு மாதிரி. வந்தா சில்லுல பாதி ரூமு கேக்கும்.”

“உன் ரெஜிஸ்டருங்க மட்டும் வாடகையா குடுக்குது?” கணக்குக்கு வேண்டிய எண்களைச் சில்லுக்குள்ளேயே கைக்கெட்ட வைத்திருக்கும் அறைகள் அவை.

“சண்டை வேணாம்,” என்றான் ஹாலிஸ். “அது வேகம்னு காட்டு, உள்ள வச்சுக்கலாம். திங்கக்கிழமை முடிவு.”

மார்ச் 9
பழைய கம்பெனியின் இயந்திரத்திலேயே ஓட்டினேன். எல்லையைச் சரிபார்த்து முகவரியையும் கணக்கிடும் என் ஒற்றைக் கட்டளை ஒருபுறம். அதையே ஒப்பிடு, பெருக்கு, கூட்டு என்று உடைத்து எழுதியது மறுபுறம்.

உடைத்தது முந்தியது. திரும்பவும் ஓட்டினேன். அதேதான்.

மார்ச் 10
ஏன்? — என் கட்டளை எல்லாருக்கும் பொதுவானது, அதனால் எல்லாச் சோதனைகளையும் ஒவ்வொரு தடவையும் செய்கிறது. உடைத்து எழுதினால், நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர், தேவையில்லாததை முன்கூட்டியே விட்டுவிடலாம். கீழ் எல்லை பூஜ்யமா? கழிக்கவே வேண்டாம்.

வேலை போகப்போகுது, நான் சிரிச்சிட்டு உக்காந்திருக்கேன். என்ன பொம்பள நான்?

மார்ச் 12
காட்டினேன். டாக் கிண்டல் செய்யவில்லை. பலகையில் என் கட்டளையை நானே கோடு போட்டு அடித்தேன். மைக்ரோகோடுக்கு ஒதுக்கிய இடம் முழுக்க இனி ரெஜிஸ்டர்கள்.

“சரி, நான்?” என்றேன்.

ஹாலிஸ் பேனாவை எடுத்தான். “ஒரு கட்டளை ஓடும்போதே அடுத்ததை உள்ள இழுத்துடுறோம். வேற எடத்துக்குப் போன்னு சொல்ற ‘தாவு’ வந்தாலும், அதுக்குப் பின்னாடி இருக்கறது உள்ள வந்தாச்சு. அதைத் தூக்கிப் போட இன்னொரு மின்சுற்று வேணும், எடமில்ல. அதுவும் ஓடட்டும்னு விட்டுட்டோம். அங்க எதை வைக்கிறது? அதை இனி நீ பாரு.”

“சும்மா இருன்னு ஒரு கட்டளை வை.”

“வைக்கலாம். ஒரு துடிப்பு வீண். உனக்கு மனசு வருமா?”

மார்ச் 13
வரவில்லை. தாவலுக்கு முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளலாம் — தாவுவதா வேண்டாமா என்ற முடிவு அதை நம்பி இராவிட்டால். அதைக் கம்பைலரே கண்டுபிடிக்குமா?

ஏப்ரல் 2
கம்பைலரை மாற்றி எழுதியும், தாவலுக்குப் பின்னால் பாதி இடங்களில் இன்னும் ‘சும்மா இரு’தான்.

ஏப்ரல் 20
டாக் என் கதவிலிருந்து ‘மைக்ரோகோட்’ பலகையைக் கழற்றினான். “புதுசா என்ன எழுத?”

அப்புறம் சொல்கிறேன் என்றேன். திரையில், திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சி ஒன்றின் கடைசிக் கூட்டலைக் கம்பைலர் தானாகவே தாவலுக்குப் பின்னால், ‘சும்மா இரு’ இருந்த இடத்தில் உட்கார வைத்திருந்தது. அதை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.