என் பட்டமளிப்பை ரெக்கார்ட் செய்யாதீர்கள்

அப்பா,

இன்றைக்கு மட்டும் டிவியில் நேரலையாக வரும் என் பட்டமளிப்பை ரெக்கார்ட் செய்யாதீர்கள். உங்களிடம் இதைக் கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டேன்!

நம் வீட்டின் முதல் பட்டதாரி நான். நீங்களோ, "அரங்கத்துல நீ எறும்பாத்தான் தெரிவ, ஹெச்டியில உன் கண்ணிமையையே எண்ணலாம்டி" என்று சொல்லி, டிவியை ரெக்கார்ட் செய்யவென்றே நீங்கள் பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கிய அந்தக் கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்திருக்கிறீர்கள். எண்ண வேண்டாம். நேரில் வந்து கை தட்டுங்கள்.

சாப்பிட, கொத்துக்கறியில் சுட்ட மீட்லோஃப் ஓவனில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு கீபோர்டின் மேல். இரண்டு மணிக்குள் டொலீடோ அரங்கத்தில் இருக்க வேண்டும்.

மார்லா

பி.கு: நீங்கள் ரெக்கார்ட் செய்து வைத்த பழைய மேட்ச் எதையும் அழிக்கவில்லை, பதறாதீர்கள்.

இன்னொன்று: கம்ப்யூட்டருக்கு டிவி வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பட்டமளிப்பு அங்கிக்குள் சுருட்டிக்கொண்டேன். வேண்டுமென்றால் மேடையருகே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பிவிட்டேன்!