குடல்தசைக்கு ஒரு சம்மதம்

பாசடீனா
4 மார்ச் 2008

மதிப்பிற்குரிய திரு. தார்லி அவர்களுக்கு,

உருளைப்புழுவின் உடலில் எது எதற்குள் அடங்கும் என்று கணினிக்குப் பட்டியல் போடுவது என் வேலை. அதில் ‘குடல்தசை’ என்ற பதிவு நீங்கள் எழுதியது. குடலின் ஒரு பகுதி என்று போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு செல்களும் குடலின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவே தவிர, குடல் அல்ல. இதனால் தசையில் மட்டும் வேலை செய்யும் மரபணுவையும் கணினி குடல் கணக்கில் சேர்த்துவிடுகிறது. தசைகளின் கீழ் மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். எழுதியவரைக் கேட்காமல் பதிவில் கைவைப்பது எங்கள் வழக்கமல்ல.

உண்மையுள்ள,
லோர்னா குவிஸ்ட்

கேம்பிரிட்ஜ்
17 மார்ச்

அன்புள்ள திருமதி குவிஸ்ட்,

சம்மதம் இல்லை. நீங்கள் திரையில் பார்க்கும் அந்தத் தசையை நான் மைக்ராஸ்கோப்பில் சீவல் சீவலாகப் பார்த்தவன். குடலோடு ஒட்டிக்கொண்டிருப்பதை ஏன் பிரிக்க வேண்டும்? விரிவாக எழுதுங்கள். மின்னஞ்சல் எனக்கு ஆகாது.

தபால்காரர் ரெஜ், “என்ன சார், உங்களுக்கும் கடுதாசி போட ஆள் இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனைவி போனபின் எனக்கு வருவதெல்லாம் மின்கட்டண நோட்டீஸ்தான்.

சிரில் தார்லி

பாசடீனா
2 ஜூன்

அன்புள்ள சிரில்,

இது என் நான்காவது கடிதம். பக்கத்து மேசை வெர்ன் சிரிக்கிறார். “ஒரு மில்லிமீட்டர் புழு. அதுல ரெண்டே ரெண்டு செல். அதுக்கு நாலு தபாலா, லோர்னா?”

குடல் செல்கள் எல்லாம் ஒரே தாய்ச்செல்லின் பிள்ளைகள். உங்கள் தசைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளே அல்ல. இதற்காவது இறங்கி வருவீர்களா?

ஞாயிறு என்ன சமைத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். மக்ரோனி. நின்றபடியே சாப்பிட்டேன். மகள் சியாட்டிலுக்குப் போனதிலிருந்து சாப்பாட்டு மேசையில் சலவைத்துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

லோர்னா

கேம்பிரிட்ஜ்
15 ஜூன்

அன்புள்ள லோர்னா,

துணியை நகர்த்திவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் சொன்னால் கேட்க வேண்டும்.

தசை விஷயத்தில் இன்னொரு சந்தேகம். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை குடலை அமுக்கிக் கழிவை வெளியேற்ற உதவுவது அந்தத் தசை. அதில்லாமல் குடல் என்ன குடல்? இதற்குப் பதில் வரட்டும், பிறகு யோசிக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்.

சிரில்

பாசடீனா
9 செப்டம்பர்

அன்புள்ள சிரில்,

மின்னசோட்டாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவி எழுதியிருக்கிறாள். எங்கள் பட்டியலை நம்பி ஒரு மரபணுவைக் குடலில் தேடியிருக்கிறாள். எட்டு மாத உழைப்பு. அது வேலை செய்வது அந்த இரண்டு தசைச் செல்களில் மட்டும். அவள் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லோர்னா

கேம்பிரிட்ஜ்
20 செப்டம்பர்

அன்புள்ள லோர்னா,

மாற்றிவிடுங்கள். முழுச் சம்மதம்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதினால் நீங்கள் நன்றி சொல்லி முடித்துவிடுவீர்கள், அதற்குப் பிறகு எனக்கு எழுத யாரும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். என் தனிமைக்கு அந்தப் பெண் விலை கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. இனி நீங்கள் எழுதத் தேவையில்லை.

சிரில்

பாசடீனா
3 டிசம்பர்

அன்புள்ள சிரில்,

அக்டோபரில் ‘மாற்றியாயிற்று, நன்றி’ என்று ஓர் அட்டை அனுப்பினேன். நீங்கள் பதில் போடவில்லை. போடும்படி அதில் எதுவும் இல்லை.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எழுதியவர் மறுத்தால், முப்பது நாள் கழித்து எங்களில் இருவர் கையெழுத்திட்டு மாற்றிவிடலாம் என்று விதி இருக்கிறது. வெர்ன் ஏப்ரலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான்தான் போடவில்லை. போட்டிருந்தால் உங்கள் கடிதங்கள் நின்றுபோயிருக்கும். அந்தப் பெண்ணின் எட்டு மாதத்தில் ஐந்து மாதம் என்னால் போனது. அவளுக்கு இதை அப்படியே எழுதிவிட்டேன். உங்கள் பெயரை இழுக்கவில்லை.

உங்களைக் கேட்க இனி என்னிடம் தசை எதுவும் இல்லை. ஆனாலும் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். நான்கு வரி போதும், சிரில்.

லோர்னா